கேள்வியைத் தொடர்ந்து வரும் காளை: குறுக்கெழுத்துக்கு உதவும் ஓர் அகராதிச் செயலி

குறுக்கெழுத்துப் புதிர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கைப்பேசியில் நிறுவிக்கொண்ட அகராதிச் செயலி ஒன்றை 3 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தெரிந்த எழுத்துகளை இட்டு மற்றக் கட்டங்களை வெறுமையாக விட்டால் பொருந்தும் சொற்களைத் தேடித் தருவதும், ஒரு சொல்லின் பல பொருள்களைக் காட்டுவதும் அதன் வேலைகள். முதல் வேலையில் அது தேறிவிட்டது.

‘மாலை’ நம் கண்ணுக்கு 2 எழுத்துகள்; கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் ஒருங்குறியிலோ (யூனிகோட்) மகரம், துணைக்கால், லகரம், ஐகாரக் குறி என 4 குறியீடுகள். இதைக் கருதாத மென்பொருளிடம் 2 எழுத்துச் சொல்லைக் கேட்டால் ‘மாலை’ வராமலே போய்விடும். இந்தச் செயலியோ, உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவும் புள்ளி வைத்த மெய்யைத் தனி எழுத்தாகவும், அதாவது புதிர் அமைப்பவர் கட்டங்களை எண்ணும் முறையிலேயே, எண்ணுகிறது.

என் மனக்குறை பொருள் தேடும் பகுதியில்தான். ‘கேள்வியைத் தொடர்ந்து வரும் காளை (2)’ என்ற குறிப்பை எடுத்துக்கொள்வோம். ‘காளை’ என்று தேடினால் எருது, ஏறு, விடை என்று வரிசையாக வருகின்றன. எருது 3 எழுத்து என்பதால் விலகிவிட, ஏறு, விடை இரண்டில் எது என்பதைக் குறிப்பின் முற்பகுதிதான் தீர்மானிக்க வேண்டும். கேள்விக்குப் பின் வருவது பதில், அதாவது விடை. ஆக, இரண்டு பொருள்களையும் ஒருசேரக் கொடுத்து, இரண்டுக்கும் பொதுவான சொல்லைக் கேட்க வழி வேண்டும். அந்த வசதி இதில் இல்லை. இருமுறை தேடி, இரண்டு பட்டியல்களையும் நாமே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் வெவ்வேறு பக்கங்களில் பிரித்து வைத்திருப்பது இன்னொரு சிக்கல். ‘காளையை மேலே போகச் சொல் (2)’ என்றால் ‘ஏறு’ என்பது காளையின் பெயர், ஏவல் வினையும் கூட. இலக்கணப்படி அந்தப் பிரிவினையில் தவறில்லை. ஆனால் புதிர் அமைப்பவர் ஒளிந்துகொள்வதே அந்தச் சுவருக்குப் பின்னால்தான்.

செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகள் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சூடாமணி நிகண்டின் 11-ஆம் தொகுதி ஒருசொற் பல்பொருளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதிலும் சொற்கள் எதுகை முறையில், இரண்டாம் எழுத்தைக் கொண்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. குறுக்கே போகும் சொல்லால் இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்து திணறுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘கூவும் யானை (4)’ என்ற குறிப்புக்கு நிகண்டு வழியில் போனால் ‘வாரணம்’ யானையாகவும் கோழியாகவும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். செயலியிலோ யானை, சங்கு, கடல் எல்லாம் உண்டு, கோழியைத்தான் காணவில்லை.

எழுத்துத் தேடலுக்காக மட்டும் இதை வைத்திருக்கலாம். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. இரு பொருள் தேடலைச் சேர்க்கும்படி உருவாக்கியவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அது வரும்வரை கட்டணப் பதிப்புக்கு மாறுவதாக இல்லை.