38,500 ரூபாய் கொடுத்து ஊசியில் வாங்கிய வியாதி

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜிம் பேரைப் போடவில்லை. சேலத்தில் ஒரு மாடியில் நடக்கும் சின்ன ஜிம், அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை எனக்கு. நாலு மாதம் ஜிம் போயும் உடம்பு ஏறவில்லை. ஒருநாள் மாஸ்டரே தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, உனக்கு ஹார்மோன் கம்மி. ஒரு கோர்ஸ் போட்டா கை இப்படி ஆயிடும்" என்று தன் கையை மடக்கிக் காட்டினார். ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்! "என் கூடப் பிறந்தவனுக்கும் நான்தான் போடுறேன்" என்றார். அதில்தான் விழுந்தேன். கல்யாணத்துக்கென்று சீட்டு எடுத்து வைத்திருந்த 38,500 ரூபாயை அப்படியே கொடுத்தேன். பில் இல்லை.

10 வாரம், வாரத்துக்கு 2 ஊசி, ஒவ்வொன்றும் 500 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், அதாவது ஆண் ஹார்மோன். 7 கிலோ ஏறியது, பொய் சொல்லக்கூடாது. அப்புறம் முதுகெல்லாம் பரு, ஓயாத தலைவலி. கேட்டால், "பாடி செட் ஆகுதுப்பா, தண்ணி நல்லா குடி." ஏற்காட்டுக்கு பைக்கில் போனபோது 20 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, மண்டை வெடிக்கிற மாதிரி ஆகி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிபி 170/110. ஹீமோகுளோபின் 19.4. ரத்தம் கெட்டியாகிவிட்டது, எங்கேயாவது உறைந்தால் மாரடைப்போ பக்கவாதமோ வரும் என்று சொல்லி ஒரு பை ரத்தத்தை எடுத்தார்கள். நிஜமாகவே குறைபாடு உள்ளவருக்கே 250 மில்லிகிராம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதானாம், அதுவும் ரத்தம் பார்த்துப் பார்த்து. வெளியிலிருந்து இவ்வளவு வந்தால் மூளை விரைகளுக்குக் கொடுக்கும் உத்தரவையே நிறுத்திவிடுமாம். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். திரும்ப ஒரு வருடம்கூட ஆகலாம் என்கிறார் டாக்டர். தையில் கல்யாணம். பெண் வீட்டில் என்ன சொல்வேன்?

பணத்தைக் கேட்டேன். "ஓனரைக் கேளு" என்றார். ஓனர் ஊரில் இல்லை. மறுபடி போனால், "நான் புரோட்டீன் பவுடர்தானே குடுத்தேன், பில் இருந்தா காட்டு." தட்டுவடை வாங்கிக் கொடுத்த அதே ஆள்! நேற்று என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். 38,500 ரூபாய், எத்தனை ஜோடிக் கொலுசுக்கு மணி பற்றவைத்துச் சேர்த்தது.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், முடியவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் ஹார்மோன் ஊசி வேண்டாம். ஏற்கெனவே போடுகிறவர்கள் நாளைக்கே பிபி, ஹீமோகுளோபின் பாருங்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள். காலிக் குப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, காலையில் அதை எடுத்துக்கொண்டு மருந்து ஆய்வாளரைப் பார்க்கப் போகிறேன்.