பழைய செஸ்னா 172: புதுப் பேனலா, 180 குதிரையா, சின்னச் சின்ன வேலைகளா?

செஸ்னா 172 என்ற நாலு சீட் சிறு விமானத்தில் பழையது ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் மூன்று யோசனைகள் வரும். பேனலில் உள்ள கடிகார முகம் போன்ற பழைய கருவிகளை எல்லாம் கழற்றிவிட்டுப் பெரிய திரை போட்டுவிடலாம். அல்லது 160 குதிரைத்திறன் என்ஜினை இறக்கிவிட்டு 180 ஏற்றலாம். இரண்டையும் தள்ளிவைத்து, அதே பணத்தில் ஐந்தாறு சின்ன வேலைகளை ஒவ்வொன்றாக முடிக்கலாம். நான் மூன்றாவது கட்சி. ஆனால் முதல் இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதிலும் என்ஜின் விஷயத்தில் ஒரு சூழ்நிலை வந்தால் நானே கட்சி மாறிவிடுவேன்.

கணக்குக்கு 1977 முதல் 1980 வரை வந்த 172 ‘என்’ (N) மாடலை எடுத்துக்கொள்வோம். லைக்கமிங் கம்பெனியின் 160 குதிரைத்திறன் என்ஜின், அதிகபட்ச எடை 2,300 பவுண்டு. இதே மாதிரி சிறு விமானமான செரோக்கி வைத்திருப்பவர்களுக்கும் வாதம் பெரிதாக மாறாது, எண்கள்தான் மாறும்.

எந்த யோசனையாக இருந்தாலும் முதலில் விமானத்தைத் தராசில் ஏற்றுங்கள். நாற்பது வருடமாக ஒவ்வொரு ரேடியோ போடும்போதும் எடுக்கும்போதும் காகிதத்திலேயே கூட்டிக் கழித்து வந்த எடையை நம்பித் திட்டம் போட முடியாது. காலி எடை 1,500 பவுண்டு என்று வந்தால், ஏற்றுவதற்கு 800 மிச்சம். டேங்க் நிறைய எரிபொருளுக்கு ஏறக்குறைய 240 போனால் 560. ஆளுக்கு 170 பவுண்டு என்று வைத்தால் மூன்று பேரும் ஒரு சின்னப் பையும்தான். நாலு சீட் இருந்தும் நாலு பேர் போக முடியாத இந்த வண்டியில், ஒவ்வொரு மாற்றமும் எத்தனை பவுண்டு கூட்டுகிறது, எத்தனை குறைக்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

180 குதிரை

வேகம் கூடும் என்று நம்பி இதற்குப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறுகிறது. திறன் 12.5 சதவீதம் கூடினால் வேகம் 4 சதவீதம்தான் கூடும். 122 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) போன விமானம் 127 நாட் வேகத்தில் போகும். 300 கடல் மைல் பயணத்தில் மிச்சமாவது ஆறு நிமிடம். பழைய வேகத்திலேயே பறந்தால் எரிபொருள் செலவும் ஏறக்குறைய பழையபடிதான்.

ஏற்றத்தில் கதையே வேறு. மட்டமாகப் பறக்கத் தேவையானது போக மிஞ்சும் திறன்தான் விமானத்தை மேலே தூக்குகிறது. கூடுதலாக வரும் 20 குதிரை முழுக்க அந்த மிச்சத்தில் சேர்கிறது. ப்ரொப்பெல்லர் அதில் 70 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது என்று வையுங்கள், 14 குதிரை. ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு. பெருக்கி 2,300-ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 200 அடி. கடல் மட்டத்தில் கையேடு சொல்லும் ஏற்றம் 770 அடி. அதன்மேல் 200 என்பது கால் பங்குக்கும் அதிகம். வெயில் கொளுத்தும் மதியம், உயரமான ஊர், ஓடுபாதை முடிவில் மரங்கள் என்று பறப்பவருக்கு இந்த 200 அடி வேறு எதிலும் கிடைக்காது.

சில 180 குதிரை மாற்றங்களுடன் அதிகபட்ச எடையும் உயர்கிறது. அங்கே ஒரு விலை உண்டு. 172 ‘பி’ (P) மாடலில் செஸ்னாவே எடையை 2,400 பவுண்டுக்கு உயர்த்தியபோது, இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் ஃப்ளாப்பை 40 பாகையிலிருந்து 30-க்குக் குறைத்தது. முழு ஃப்ளாப்புடன் தரையைத் தொடப் போய், மனம் மாறி மீண்டும் ஏற வேண்டியிருந்தால் அந்த எடையில் ஏற்றம் போதாது. 40 பாகை ஃப்ளாப்பை நம்பிச் செங்குத்தாக இறங்கிப் பழகியவர்கள் அதை இழப்பார்கள். எடை உயர்த்தும் மாற்றம் எதையும் வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் கட்சி மாறும் சூழ்நிலை இதுதான். ‘என்’ மாடலில் வந்த ஓ-320-ஹெச்2ஏடி என்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டும் டேப்பெட்டும் தேய்வது பழைய தலைவலி. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோவும் ஒரே உறைக்குள், ஒரே அச்சில் சுழல்பவை. அந்த அச்சு போனால் இரண்டும் போச்சு. அந்த என்ஜினை ஓவர்ஹாலுக்கு எப்படியும் இறக்கத்தான் போகிறீர்கள் என்றால், அதே பணத்தை மீண்டும் அதிலேயே போடுவதைவிட 180-க்கு மாறுவது நல்லது. ஓவர்ஹாலுக்கு லைக்கமிங் சொல்லும் அளவு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம். 900 மணி நேரம் மட்டும் ஓடி, நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் நன்றாக இருக்கும் என்ஜினைக் குதிரைத்திறனுக்காக இறக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அதற்குப் பதில் பிட்ச் (தகடுகளின் சாய்வு) குறைந்த ப்ரொப்பெல்லர் போட்டுப் பாருங்கள். ஏற்றத்தில் கொஞ்சம் கிடைக்கும், பயண வேகத்தில் கொஞ்சம் போகும்.

பெரிய திரை

2018-இல் டைனானின் ஸ்கைவியூவும், 2019-இல் கார்மினின் ஜி3எக்ஸ் டச்சும் சான்றளிக்கப்பட்ட விமானங்களுக்கு வந்தபிறகு இது நடுத்தர உரிமையாளருக்கும் எட்டும் ஆசையாகிவிட்டது. ஒரே பார்வையில் விமானத்தின் சாய்வு நிலை, உயரம், வேகம், வரைபடம், பக்கத்தில் பறப்பவர்கள் எல்லாம் கிடைக்கும். பேனலுக்குப் பின்னால் எங்கும் இணையாமல் தொங்கும் பழைய வயர்களையும், யாரும் கேட்காத ஏ.டி.எஃப். என்ற பழைய வழிகாட்டி ரேடியோப் பெட்டியையும் அள்ளிப் போட்டால் எடையும் குறையும்.

குறை எங்கே என்றால், விமானம் பல வாரம் ஹேங்கரில் நிற்கும். பேனலை வெட்டிய பிறகு திரும்பிப் போக வழியில்லை. ஒரு கம்பெனியின் திரை என்றால் ஆட்டோபைலட்டும் பெரும்பாலும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். பல வாரம் கழித்துக் கைக்கு வரும் காக்பிட்டில் உங்கள் கண் பழைய இடங்களில் முள்ளைத் தேடும். அந்தப் பழக்கம் மாறும்வரை மேகத்துக்குள் போகாமல் இருக்க வேண்டும்.

திரையை விரும்புகிறவர்கள் சொல்லும் வலுவான காரணம் வேக்யூம் பம்ப். பழைய கருவிகளுக்குள் இருக்கும் கைரோ என்ற சுழல் சக்கரங்களைக் காற்றை இழுத்துச் சுழலவைப்பது இதுதான். அதில் அவர்கள் சொல்வது சரி. உலர் பம்புக்குள் கார்பன் தகடுகள் சுழல்கின்றன. முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். உடைந்த கணத்தில் கைரோ நிற்பதில்லை, மெல்ல வேகம் குறைகிறது. விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவி நிதானமாக ஒரு பக்கம் சாயும். வெளியே வெள்ளை மேகம் மட்டும் தெரியும்போது, விமானி அந்தச் சாய்வை நம்பி, நேராகப் போகும் விமானத்தை மறுபக்கம் சாய்ப்பார். பளிச்சென்று செத்துப்போகும் கருவியைவிட, சாகும்போது பொய் சொல்லும் கருவி ஆபத்தானது.

ஆனால் இதற்கு மருந்தாக முழுப் பேனலும் தேவையில்லை. 2016 முதல் கிடைக்கும் கார்மினின் ஜி5 போன்ற சிறு மின்னணுக் கருவிகள் இரண்டு, பழைய இரண்டு கைரோக்களின் துளையிலேயே உட்காரும். ஒன்று சாய்வு நிலையைக் காட்டும், மற்றது திசையை. முதல் கருவி போனால், மற்ற கருவி சாய்வு நிலையைக் காட்டத் தொடங்கும். விமானத்தின் மின்சாரம் முழுக்கப் போனாலும் சொந்த பேட்டரி 4 மணி நேரம் வரை தாங்கும், டேங்கில் உள்ள எரிபொருள் தாங்கும் நேரத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு. பம்ப், ரப்பர் குழாய்கள், இரண்டு கனத்த கைரோக்கள் எல்லாம் வெளியே போகும். பெரிய திரையின் பாதுகாப்பில் பெரும்பங்கு இங்கேயே கிடைத்துவிடுகிறது என்பது என் மதிப்பீடு. மிச்சம் வசதி.

மேலும், ஜி5 இருந்தால் பின்னால் கார்மினின் ஜி.எஃப்.சி. 500 ஆட்டோபைலட்டை அதனுடனேயே இணைக்கலாம். பெரிய திரைக்கும் ஆட்டோபைலட்டுக்கும் இடையே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் ஆட்டோபைலட். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதில் பயிற்சியில்லாத 20 பேரைக் குறைந்த கருவிகளுடன், வெளியே தெரியாத நிலையில் பறக்கவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடியில். அழகான திரை அந்த நிமிடங்களில் உதவும்தான். ஆனால் இறக்கையை மட்டமாக வைத்துக்கொண்டு, திரும்பி வந்த வழியே கொண்டுபோகும் இன்னொரு கை அதைவிட உதவும்.

சின்ன வேலைகள்

முதலில் தோள் பெல்ட். இதற்கு இணையாக வைத்து ஒப்பிட எதுவுமில்லை. 1978 ஜூலை 18-க்குப் பிறகு தயாரான சிறு விமானங்களின் முன் சீட்டுகளுக்கும், 1986 டிசம்பர் 12-க்குப் பிறகு எல்லா சீட்டுகளுக்கும் அமெரிக்க விதி இதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய விமானத்தில் பின் சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கலாம். அங்கே உட்காரப்போவது உங்கள் பிள்ளைகள். மற்ற வேலைகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்தது என்ஜின் மானிட்டர். பழைய 172-இல் சிலிண்டர் வெப்பத்துக்கு முள் இருந்தாலே ஒன்றுதான் இருக்கும், அதுவும் ஒரே ஒரு சிலிண்டரிலிருந்து. மற்ற மூன்றும் எப்படி இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. நான்கு சிலிண்டரின் வெப்பத்தையும் புகைபோக்கி வெப்பத்தையும் தனித்தனியாகக் காட்டிப் பதிவும் செய்யும் மானிட்டர் வந்தால், என்ஜின் பேச ஆரம்பிக்கிறது. லைக்கமிங்கின் சிவப்புக் கோடு 500 டிகிரி ஃபாரன்ஹீட். 400-க்குக் கீழே வைத்துப் பறப்பது நல்ல பழக்கம்.

ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வெப்பம் மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை போல மெல்ல ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கொண்டிருந்தால், அந்த வால்வு எரிய ஆரம்பித்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே போர்ஸ்கோப் என்ற மெல்லிய கேமராவை விட்டுப் பாருங்கள். ஆரோக்கியமான வால்வின் முகத்தில் செம்பழுப்புப் படிவுகள் வட்டத்துக்குள் வட்டமாக, நடுவில் இருந்து ஒரே சீராகத் தெரியும். கெட்டுப்போகிற வால்வில் அந்த வட்டம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பச்சை சாயலில் ஒரு பிறை. அந்தப் பிறைதான் சூடான வாயு கசியும் இடம். அந்த நிலையில் பிடித்துவிட்டால் பல சமயம் வால்வைத் தேய்த்தே சரிசெய்யலாம். விட்டால் பறக்கும்போதே வால்வின் துண்டு உடைந்து சிலிண்டருக்குள் விழும். எந்தப் பெரிய திரையும், என்ஜின் சென்சார்களைச் சேர்த்துப் போடாத வரை, இதைக் காட்டாது.

விளக்கு விஷயத்தில் விவாதமே இல்லை. பழைய 4509 லேண்டிங் பல்பின் ஆயுள் 25 மணி நேரம், 100 வாட் தின்னும். எல்.இ.டி. பகலிலும் எரியவிடலாம், மற்றவர்கள் உங்களைப் பார்ப்பார்கள்.

லித்தியம் பேட்டரி எடையைக் கணிசமாகக் குறைக்கலாம், உங்கள் மாடலுக்குச் சான்று இருந்தால். பேட்டரி வாலில் இருக்கும் விமானங்களில் அந்த எடை போனதும் சி.ஜி., அதாவது விமானத்தின் எடை மையம், முன்னால் நகரும், அதைக் கணக்கிடாமல் வாங்க வேண்டாம். குறைந்த வேகத்திலும் காற்று இறக்கையை ஒட்டி ஓட உதவும் வோர்ட்டெக்ஸ் ஜெனரேட்டர்கள், அதாவது இறக்கையில் ஒட்டும் சிறு தகடுகள், குறுகிய ஓடுபாதைக்குப் பயன்படும், நீண்ட தார்ப்பாதையிலேயே இறங்குபவருக்கு வேண்டாம். முழு விமானத்துக்கான பாராசூட் 172-க்கும் உண்டு. ஆனால் 35 கிலோவை (77 பவுண்டு) ஒட்டிய எடையுடன் சாமான் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மேலே சொன்ன 560 பவுண்டில் அதைக் கழித்துப் பாருங்கள்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணை வகைச் சான்று (எஸ்.டி.சி., மாற்றத்தைச் செய்யலாம் என்ற அரசு அனுமதி) இருக்கும். இரண்டு மாற்றங்கள் தனித்தனியே சரி என்பதால் சேர்ந்தும் சரி என்று ஆகாது. இறக்கை முன்விளிம்பை மாற்றியவர் அதன்மேல் வோர்ட்டெக்ஸ் ஜெனரேட்டரும் ஒட்ட நினைத்தால், பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்குடன் இரண்டு சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வருடாந்திரப் பரிசோதனைக்கு விமானம் எப்படியும் திறந்து கிடக்கும். முதல் வருடம் தோள் பெல்ட்டும் என்ஜின் மானிட்டரும். அடுத்த வருடம் வேக்யூமைக் கழற்றி இரண்டு சிறு கருவிகள். அதற்காகப் பேனலைத் திறக்கும் அன்றே ஆட்டோபைலட்டுக்காக விமானத்தின் கட்டுப்பாடுகளை அசைக்கும் மோட்டாரான சர்வோவுக்கு வேண்டிய வயர்களையும் இறக்கை வரை இழுத்து, முனையைக் காப்பிட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு சர்க்யூட் பிரேக்கர் இடத்தையும் காலியாக விடச் சொல்லுங்கள். மூன்றாம் வருடம் சர்வோ வரும்போது பேனலைத் தொடும் வேலை பெரிதாக இருக்காது.