பாஹோல்: ஓட்டையைக் காட்டும், அடைப்பது நம் வேலை

பாஹோல் என்பது, சி புரோகிராமில் ஒரு ஸ்ட்ரக்ச்சர் (பல ஃபீல்டுகளைச் சேர்த்த டேட்டா) மெமரியில் எப்படி அடுக்கியிருக்கிறது, நடுவில் எங்கே காலி இடம், அதாவது ஓட்டை, இருக்கிறது என்று காட்டும் டூல். காசு கொடுக்காமல் கிடைத்த டூலுக்கு ரிவ்யூ எழுதுவது இதுதான் முதல் தடவை. தரமணி ஆபீஸில் மூன்று நாள் எங்களை அலையவிட்ட பிழையை இது பத்து நிமிஷத்தில் காட்டிக்கொடுத்தது, சும்மா விட மனசு வரவில்லை.

பழைய 32 பிட் புரோகிராம் ஒன்று, அதன் சோர்ஸ் கோட் யாரிடமும் இல்லை. மெஷினை மட்டும் 64 பிட் கெர்னலுக்கு (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) மாற்றினோம். புரோகிராம் டிவைஸைத் திறக்கும், ஐஓசிடிஎல் (டிவைஸின் டிரைவருக்கு ஒரு நம்பர் போட்டுக் கட்டளை அனுப்பும் அழைப்பு) அழைத்ததும் ஈநாட்டி, அதாவது இந்தக் கட்டளை தெரியாது, என்று திரும்பி வந்துவிடும். கார்டை மாற்றினோம், கேபிளை மாற்றினோம் (எது கெட்டாலும் முதலில் கேபிளைத் திட்டுவது எங்கள் டீம் வழக்கம்). ஜூனியர் பையன், "அண்ணா, ரெண்டு பக்கமும் ஒரே ஹெடர்தானே, எப்படி மாறும்?" என்றான். புரோகிராமும் டிரைவரும் பகிர்ந்துகொள்ளும் ஸ்ட்ரக்ச்சர் எழுதியிருக்கும் ஃபைலைத்தான் ஹெடர் என்றான். நானும் அதே நினைப்பில்தான் இருந்தேன்.

உபுண்டுவில் ட்வார்வ்ஸ் பேக்கேஜைப் போட்டால் பாஹோல் வந்துவிடும். அந்த ஹெடரைச் சேர்த்த ஒரு குட்டி சி ஃபைலை மைனஸ் ஜி (டீபக் தகவலைச் சேர்க்கும் ஆப்ஷன்) போட்டு 64 பிட்டுக்கு ஒன்று, 32 பிட்டுக்கு ஒன்று கம்பைல் செய்து இரண்டையும் பாஹோலிடம் கொடுத்தேன். ஸ்ட்ரக்ச்சரில் இருப்பது ஒரு யூ32 (4 பைட் எண்), அடுத்து ஒரு யூ64 (8 பைட் எண்), அவ்வளவுதான். 64 பிட்டில் யூ64 எட்டாவது பைட்டில் ஆரம்பிக்கிறது, நடுவில் 4 பைட் ஓட்டை என்று குறிப்பே போட்டிருக்கிறது, மொத்தம் 16. 32 பிட் எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி வகை புராசசர்) ஷேர் ஆட்டோ மாதிரி இடம் விடாமல் நாலாவது பைட்டிலேயே ஏறிக்கொள்கிறது, மொத்தம் 12. ஐஓசிடிஎல் நம்பருக்குள்ளேயே ஸ்ட்ரக்ச்சரின் சைஸும் இருப்பதால், வந்தது கெர்னலுக்குத் தெரியாத நம்பர். இதே யூ64, 32 பிட் ஆர்மில் (இன்னொரு வகை புராசசர்) எட்டாவது பைட்டில்தான் உட்காரும்; அங்கே தொல்லை, 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் சைஸ் மாறும் லாங்கும் பாயிண்டரும்.

குறையும் உண்டு. டீபக் தகவல் இல்லாத பைனரியில் இது ஒன்றுமே சொல்லாது. இரண்டு லேஅவுட்டையும் ஒப்பிட்டுத் தராது, டிஃப் நாம்தான் போட வேண்டும். ரீஆர்கனைஸ் என்ற ஆப்ஷன் ஓட்டையை அடைக்கிற மாதிரி வரிசையை மாற்றிக் காட்டும், பார்க்க ஆசையாக இருக்கும். யூசர் பக்கம் ஏற்கெனவே போய்விட்ட ஸ்ட்ரக்ச்சரில் அதன்படி மாற்றிவிடாதீர்கள், பழைய புரோகிராம் எல்லாம் படுத்துவிடும்.

கடைசியில் டிரைவரின் காம்பேட் ஐஓசிடிஎல்லில் (32 பிட் புரோகிராமின் அழைப்பை 64 பிட் கெர்னலில் கவனிக்கும் பகுதி) காம்பேட் யூ64 (32 பிட்டில் போலவே இடம் விடாமல் உட்காரும் யூ64) வைத்து 12 பைட் ஸ்ட்ரக்ச்சர் ஒன்றைத் தனியாக எழுதினோம். புதிய ஸ்ட்ரக்ச்சர்களில் அந்த 4 பைட்டுக்கு நாங்களே ஒரு பேட் ஃபீல்டு (ஓட்டையை நிரப்பும் வெற்று ஃபீல்டு) வைத்துப் பூஜ்யம் போடுகிறோம், இல்லாவிட்டால் கெர்னல் ஸ்டாக்கில் கிடந்தது யூசர் பக்கம் கசிந்துவிடும். கழற்றிப்போட்ட கேபிளை மறுபடி மாட்டியாச்சு.