கோவொர்க்கிங்கில் பணம் போடுவது: ஃபிரான்சைஸா, வருவாய்ப் பங்கா, சொந்தப் பெயரா?

கையில் கொஞ்சம் சேமிப்பு, ஓஎம்ஆரிலோ கோவை அவிநாசி சாலையிலோ ஒரு தளம் கிடைக்கும் வாய்ப்பு. இரண்டும் இருந்தால் "கோவொர்க்கிங் ஃபிரான்சைஸ் எடுத்தால் என்ன?" என்று தோன்றுவது இயல்புதான். அதாவது, பல கம்பெனிகள் சீட் கணக்கில் வாடகைக்கு எடுக்கும் பொது அலுவலகத்தை, ஒரு பிராண்டின் பெயரை உரிமம் வாங்கி நடத்துவது. எடுக்கலாம். ஆனால் பிராண்டின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், வாடகை ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள்.

கட்டடத்தைப் பல வருடத்துக்கு எடுக்கிறோம். வந்து உட்காருபவரோ ஒரு மாத நோட்டீஸில் கிளம்பிவிடலாம். இந்தத் தொழிலின் ஆபத்து அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 2023 நவம்பரில் கோவொர்க்கிங் நிறுவனமான வீவொர்க் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டபோது, கழுத்தை நெரித்தது நீண்டகால வாடகைதான். 2003இல் இதே தொழிலில் இருக்கும் ரீஜஸின் அமெரிக்கப் பிரிவும் அதே நீதிமன்றப் பாதுகாப்பைத் தேடியது. ரீஜஸின் தாய் நிறுவனமான ஐடபிள்யூஜி 2019இல் தன் ஜப்பான் தொழிலை 32 கோடி பவுண்டுக்கு டிகேபி நிறுவனத்துக்கு விற்றது. பிராண்டு உரிமம் மட்டும் தொடர்ந்தது. இடத்தின் பாரம் டிகேபிக்கு, உரிமக் கட்டணம் ஐடபிள்யூஜிக்கு. ஃபிரான்சைஸ் எடுப்பவர் நிற்பது டிகேபியின் இடத்தில்.

ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். 100 சீட், சீட்டுக்கு மாதம் 8,000 ரூபாய். வாடகை 2.5 லட்சம், கரண்ட், ஏசி, இன்டர்நெட், ஆட்கள், ஹவுஸ்கீப்பிங் எல்லாம் 2 லட்சம். பிராண்டுக்குத் தரும் உரிமக் கட்டணமான ராயல்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 80 சீட் நிரம்பினால் ராயல்டி போக 1.26 லட்சம் மிஞ்சும். 60 சீட்தான் என்றால் உங்களுக்கு 18,000 நஷ்டம். பிராண்டுக்கோ அப்போதும் 48,000 போகும். ராயல்டி லாபத்தில் அல்ல, வசூலில் கணக்கிடப்படுகிறது என்பதை மறக்கவே கூடாது. உள்ளலங்காரத்துக்குப் போட்ட முதலும் அதன் வட்டியும் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை!

கட்டடமே உங்களுடையது என்றால் இரண்டாவது வழியான வருவாய்ப் பங்குதான் மேல் என்பேன். 2024 மே மாதம் பங்குச்சந்தைக்கு வந்த ஆஃபிஸ் (Awfis) என்ற கோவொர்க்கிங் நிறுவனம் இந்த முறையில் வளர்ந்ததுதான். உள்வேலைச் செலவை உரிமையாளர் முழுசாகவோ பாதியாகவோ ஏற்பார், நிறுவனம் நடத்தும், வருமானத்தில் பங்கு வரும். குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் உண்டா என்பதைப் பேசி எழுத்தில் வாங்குங்கள். சீட் நிரம்பாத மாதங்களில் கைகொடுப்பது அதுதான்.

சொந்தப் பெயரில் நடத்தினால் மேலே சொன்ன அதே 60 சீட்டில் 30,000 மிஞ்சும். ஆனால் ஆள் பிடிக்கும் வேலை முழுக்க உங்கள் தலையில். ஊரில் ஆடிட்டர்கள், சின்ன ஐடி கம்பெனிகள், ஸ்டார்ட்அப்காரர்கள் என்று நல்ல பழக்கம் இருப்பவருக்கு இது சரிவரும். பெங்களூரு கம்பெனி ஒன்று தன் 40 பேருக்கு இடம் தேடும்போது அறிமுகமில்லாத பெயரை நம்பி வருவது கடினம். ஃபிரான்சைஸுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருப்பது அங்கேதான்.

அதனால் பிராண்டுக்காரரிடம் கேளுங்கள்: போன வருடம் திறந்த சென்டர்களில் நீங்கள் கொண்டுவந்த சீட் எத்தனை, அந்த உரிமையாளர்களே பிடித்தது எத்தனை? இரண்டு கிலோமீட்டருக்குள் இன்னொருவருக்கு உரிமம் தருவீர்களா? ஒப்பந்தம் பாதியில் முறிந்தால், உள்ளே இருக்கும் கம்பெனிகளின் அட்வான்ஸை யார் திருப்பித் தருவது?