எந்த ஜோரோ? மூன்று படங்கள், ஒரு முகமூடி

அக்கா மகனுக்கு 13 வயது. விடுமுறைக்கு வந்திருந்தவன், "மாமா, ஜோரோ படம் இத்தனை இருக்கே, எதைப் பார்க்கிறது?" என்று கேட்டான். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம், மனம் வரவில்லை. அடுத்தடுத்து மூன்று இரவுகள் அவனோடு உட்கார்ந்து மூன்று படங்களையும் மறுபடி பார்த்தேன். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த 1920ஆம் ஆண்டு மௌனப் படம். டைரோன் பவர் நடித்த 1940ஆம் ஆண்டுப் படம். அப்புறம், அந்தோனியோ பண்டேராஸும் அந்தோணி ஹாப்கின்ஸும் நடித்த 1998ஆம் ஆண்டுப் படம். முதல் இரண்டுக்கும் 'தி மார்க் ஆஃப் ஜோரோ' என்று ஒரே பெயர், மூன்றாவது 'தி மாஸ்க் ஆஃப் ஜோரோ'.

என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: 1940தான். ஆனால் மற்ற இரண்டும் ஜெயிக்கிற இடங்கள் உண்டு. ஓரிடத்தில் 1998 படம் என் செல்லப் படத்தைத் தெளிவாகவே தோற்கடிக்கிறது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஸ்பானியர் ஆட்சியில் இருந்த கலிஃபோர்னியா. அதிகாரிகள் வரி என்ற பெயரில் குடியானவர்களைப் பிழிகிறார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை டியேகோ பகலில் எதற்கும் லாயக்கில்லாத சொகுசுப் பேர்வழி, இரவில் கறுப்பு முகமூடி போட்ட ஜோரோ. ஸ்பானிய மொழியில் அதற்கு நரி என்று பொருள். ஜான்ஸ்டன் மக்கல்லி 1919இல் ஒரு மலிவு விலைக் கதை இதழில் ஐந்து பகுதிகளாக எழுதிய தொடர் இது. ஒரே கதையோடு முடிக்கத்தான் நினைத்திருப்பார் போல, கடைசியில் ஜோரோ யார் என்பதை ஊரறிய உடைத்துவிட்டார். மறு ஆண்டே படம் வந்து பெரிய வெற்றி பெற்றதும் அவர் தொடர்ந்து ஜோரோ கதைகள் எழுத வேண்டியதாயிற்று.

அந்த முதல் படத்தை எடுத்தபோது ஃபேர்பேங்க்ஸுக்கு வயது 37. அதுவரை அவர் கோட்டு சூட்டு போட்டுச் சிரிக்க வைக்கும் நாயகன். சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், கிரிஃபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மறு ஆண்டு, சரித்திர உடை போட்டு வாள் பிடித்தால் மக்கள் ஏற்பார்களா என்று அவர் சோதித்துப் பார்த்த படம் இது. இயக்கியவர் ஃப்ரெட் நிப்லோ. இன்று பார்த்தாலும் கடைசித் துரத்தல் காட்சியில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மனிதர் சுவரேறுகிறார், வேலி தாண்டுகிறார், சன்னலுக்குள் பாய்ந்து மறுபக்கம் வருகிறார். ஒவ்வொரு தாவலையும் சிரித்துக்கொண்டே செய்கிறார். துரத்தும் சிப்பாய்களுக்கு மூச்சு வாங்குகிறது, இவருக்கு அது விளையாட்டு. உடம்பாலேயே கதை சொல்வது என்றால் இதுதான். அக்கா மகன் முதல் அரை மணி நேரம் நெளிந்தான், இந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டான்.

படம் எங்கே சறுக்குகிறது என்றால், டியேகோ ஏன் ஜோரோ ஆனான் என்பதைக் காட்டாத இடத்தில். திரை விலகும்போதே ஜோரோவின் பெயரைக் கேட்டு ஊர் நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஃபேர்பேங்க்ஸின் டியேகோ கொட்டாவி விடுகிறான், கைக்குட்டையை வைத்துச் சின்ன வித்தை காட்டுகிறான். சிரிப்பு வருகிறது. அவனுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரிவதில்லை.

1940 படம் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. இயக்குநர் ரூபன் மாமூலியன். ஒரே உடம்புக்குள் இரண்டு மனிதர்களை வைத்த டாக்டர் ஜெக்கில் கதையை 1931இல் படமாக்கியவர் அவர். இரட்டை வாழ்க்கை என்பது அவருக்குப் புதிய பாடமில்லை. படம் மாட்ரிட்டில் தொடங்குகிறது. படைப்பயிற்சியில் இருக்கும் டியேகோ துடிப்பான, வம்புக்கு அஞ்சாத இளைஞன். அப்பாவிடமிருந்து ஊருக்குத் திரும்பச் சொல்லிக் கடிதம் வருகிறது. கலிஃபோர்னியாவில் வாளுக்கு என்ன வேலை, கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டிகளோடு திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அலுத்துக்கொண்டு, வாளை மேலே வீசிக் கூரையில் குத்தி நிற்கவைத்துவிட்டுக் கிளம்புகிறான்.

கப்பலைவிட்டு இறங்கி, அல்கால்தே வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். அல்கால்தே என்றால் ஊர் நிர்வாகமும் நீதியும் கையில் உள்ளவர். அந்தப் பதவியில் அவன் அப்பா அலெஹாந்த்ரோதான் இருக்கிறார் என்று நினைத்து உரிமையோடு சொல்கிறான். கேட்டவர்கள் முகம் வெளிறி ஒதுங்குகிறார்கள். அவனுக்குப் புரியவில்லை. அங்கே போனால் அப்பாவின் நாற்காலியில் லூயிஸ் கிந்தேரோ என்ற பேராசைக்காரன். பக்கத்தில் தளபதி எஸ்தேபான், எந்நேரமும் வாளை எதன் மீதாவது குத்தி விளையாடிக்கொண்டிருப்பவன். டியேகோ இருவரையும் ஒரு பார்வை பார்க்கிறான். அடுத்த நொடி தோள் தளர்கிறது, குரல் இழுபடுகிறது, கைக்குட்டை வெளியே வருகிறது.

இந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. கறுப்புத் துணி முகமூடியை அவன் அப்புறம்தான் போடுகிறான். அதற்கு முன்பே, யார் கண்ணுக்கும் தெரியாத இன்னொரு முகமூடியை, ஒரு வீணனின் முகத்தை, நம் கண்ணெதிரே போட்டுக்கொள்கிறான். அதைக் கழற்றுவதுதான் கடினம். வீட்டில் அப்பா மகனைப் பார்த்துக் கூசிப்போகிறார். கல்யாணப் பேச்சு நடக்கும் விருந்தில், வாசனை போட்ட குளியல் தண்ணீர் ஆறிப்போனதைப் பெரிய துயரமாக விவரித்துக்கொண்டிருக்கிறான். அவன் விரும்பும் பெண் லோலிதா எதிரில் அருவருப்போடு உட்கார்ந்திருக்கிறாள். பவரின் கண்களைக் கவனியுங்கள். அவள் முகம் சுருங்குவதைப் பார்த்து வலிக்கிறது, ஆனாலும் பேச்சை நிறுத்த மாட்டான். ஊருக்காக உயிரைக் கொடுப்பவர்களைப் பல படங்களில் பார்த்திருக்கிறோம். இவன் அப்பாவின் மதிப்பையும் காதலியின் மதிப்பையும் சேர்த்துக் கொடுக்கிறான்.

திரைக்கதையின் கெட்டிக்காரத்தனமும் இந்த இரண்டு முகங்களில்தான் இருக்கிறது. ஜோரோவாக வந்து லூயிஸை மிரட்டி, ஊரைவிட்டு ஓடு என்கிறான். டியேகோவாக லூயிஸின் மனைவி இனெஸிடம் மாட்ரிட்டின் பகட்டையும் கேளிக்கையையும் வர்ணித்து ஆசை காட்டுகிறான். ஒருபக்கம் பயம் தள்ளுகிறது, மறுபக்கம் மனைவியின் நச்சரிப்பு இழுக்கிறது. நரி என்ற பெயருக்கு நியாயம் செய்தது இந்த ஒரு படம்தான்.

சரி, வாள் சண்டைக்கு வருவோம். ஜோரோ ரசிகர்கள் அடித்துக்கொள்வது இதில்தான்.

1940 படத்தில் பவரும் எஸ்தேபானாக வரும் பாசில் ராத்போனும் அல்கால்தேயின் அறைக்குள் மோதும் சண்டையைவிடச் சிறந்த ஒன்றை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. நடிகர்களில் ராத்போன் நிஜமாகவே வாள் பழகியவர். 1938இல் ராபின் ஹுட் படத்தில் எரல் ஃபிளினோடு மோதி மாண்ட வில்லனும் அவரே. சண்டையை அமைத்தவர் ஃபிரெட் கேவன்ஸ் என்ற பெல்ஜிய வாள் ஆசான், ஃபேர்பேங்க்ஸின் பிற்காலப் படங்களுக்கும் வேலை செய்தவர். பவருக்காகச் சில இடங்களில் அவர் மகன் ஆல்பெர்ட் வாள் பிடித்தார். ஆனால் நெருக்கத்தில் தெரியும் வேகம் பவருடையது.

மேசை, நாற்காலி, மெழுகுவர்த்தி உள்ள ஓர் அலுவலக அறை, அவ்வளவுதான். பால்கனியிலிருந்து தாவல், தொங்குவிளக்கில் ஊஞ்சல் எதுவும் கிடையாது. எஸ்தேபான் ஒரே வீச்சில் மெழுகுவர்த்தியின் தலையைச் சீவிக் காட்டுகிறான். டியேகோவும் ஒரு மெழுகுவர்த்தி மேல் வீசுகிறான். அது அசையவே இல்லை. குறி தப்பிவிட்டது என்று எஸ்தேபான் சிரிக்கிறான். டியேகோ பேசாமல் மெழுகுவர்த்தியின் மேல்பாதியைத் தூக்கிக் காட்டுகிறான். வெட்டுண்டும் விழாமல், சுடர் அணையாமல் நின்றிருக்கிறது. எஸ்தேபானுக்கு எதிரி யாரென்று அந்த நொடியில் உறைக்கிறது. கடைசியில் அவன் சுவரோடு சரியும்போது அங்கே மாட்டியிருந்த படம் விழ, ஜோரோ முன்பே கீறிவைத்த 'Z' அடையாளம் தெரிகிறது. லூயிஸ் அதையும் டியேகோவையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

இந்தச் சண்டை முழுவதும் டியேகோவின் முகத்தில் முகமூடி இல்லை. வீணன் வேடத்தைத்தான் அவன் கழற்றிப் போடுகிறான். 1920 படத்திலும் ஃபேர்பேங்க்ஸ் முகமூடியில்லாமல்தான் கடைசியில் தளபதியோடு மோதி அவன் நெற்றியில் குறி போடுகிறார். ஆனால் அங்கே அது கொண்டாட்டம். இங்கே இத்தனை நாள் விழுங்கிய அவமானம் வாள் முனைக்கு வருகிறது.

1998 படத்தின் ஆசான் பாப் ஆண்டர்சன். 1952 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக வாள் பிடித்தவர், ஃபிளினோடும் வேலை பார்த்தவர். பண்டேராஸின் சண்டைகள் அழகு, சந்தேகமில்லை. ஆனால் இயக்குநர் மார்ட்டின் கேம்பெல் அடிக்கடி கோணம் மாற்றுகிறார். இரண்டு வாள்களும் எங்கே சந்தித்தன என்பதைவிடச் சந்தித்த சத்தமும் பொறியும்தான் நமக்குக் கிடைக்கின்றன. விதிவிலக்கு, குதிரை லாயத்தில் நாயகி எலெனாவோடு நடக்கும் மோதல். கேத்தரின் ஜீட்டா ஜோன்ஸ் வாளைப் பிடிக்கும் விதமே வேறு. காதல் காட்சியை வாள் சண்டையாகவே எழுதியிருக்கிறார்கள். லோலிதாவாக வரும் லிண்டா டார்னெல் கண்ணுக்கு இனியவர்தான், ஆனால் அந்தப் படம் அவருக்குப் பிரார்த்தனையும் காத்திருப்பும் தவிர எதுவும் தரவில்லை. 1920 படத்து லோலிதாவுக்கு அதுகூட இல்லை. இதில் 1998 படத்துக்கே முழு மதிப்பெண்.

அந்தப் படம் தெளிவாக ஜெயிப்பதாகச் சொன்ன இடம் வேறு. ஜோரோ யாருக்காகப் போராடுகிறான்?

1940 படத்தில் குடியானவர்கள் துன்பப்படுகிறார்கள், கடைசியில் திரண்டும் வருகிறார்கள். ஆனால் தீர்வு என்ன? கெட்ட அல்கால்தே போய் நல்ல அல்கால்தே, அதாவது நாயகனின் அப்பா, திரும்ப நாற்காலியில் உட்காருகிறார். பண்ணையார் வீட்டுப் பிள்ளைகளின் கலகம் பண்ணையாரிடமே முடிகிறது. 1920 படத்திலும் வாலிபர்கள் ஒன்றுகூடி ஆளுநரைப் பதவி விலகவைக்கிறார்கள், அமைப்பு அப்படியே இருக்கிறது. ஸ்பானியர் கலிஃபோர்னியா எதன்மேல் நின்றது என்பதை இரண்டும் சரியாகப் பார்க்கவில்லை. 1769 முதல் 1823 வரை அந்தக் கரையோரம் 21 மிஷன்கள், அதாவது கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்திய குடியிருப்புகள், எழுந்தன. அங்கே வயலும் மாடும் பார்த்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். நோயிலும் கட்டாய உழைப்பிலும் அவர்களின் தொகை கரைந்தது. படங்களில் மிஷன் என்றால் அன்பான ஒரு பாதிரியார் மட்டுமே. எனக்குப் பிடித்த படத்தில் இந்தக் குறை இருப்பது உறுத்துகிறது.

1998 படம் இதைத் திருப்பிப் போடுகிறது. 1821இல் ஸ்பானியர் வெளியேறும் நேரத்தில் தொடங்கி இருபது ஆண்டு தாண்டுகிறது. பழைய ஜோரோவான ஹாப்கின்ஸ் மனைவியையும் மகளையும் இழந்தவர். அவர் தேர்ந்தெடுக்கும் வாரிசு அலெஹாந்த்ரோ மூரியேட்டா பண்ணையார் மகன் இல்லை, குதிரை திருடும் குடிகாரன். டைரோன் பவரின் டியேகோ கனவான், வீணனாக நடிக்கிறான். இவனோ வழிப்பறிக்காரன், கனவானாக நடிக்கக் கற்றுக்கொள்கிறான். வில்லன் மொந்தேரோவின் திட்டமும் காலனி வரலாற்றின் மூளையிலிருந்து வந்தது: மெக்சிகோ ஆட்சியாளர் சாந்தா அன்னாவின் நிலத்திலேயே உள்ள ரகசியச் சுரங்கத்தில் ஏழைகளை அடிமைகளாக்கித் தங்கம் எடுத்து, அதே தங்கத்தைக் கொடுத்துக் கலிஃபோர்னியாவை சாந்தா அன்னாவிடமிருந்து விலைக்கு வாங்குவது. அவனுடைய பொருளை அவனுக்கே விற்பது!

மூரியேட்டா என்ற பெயரும் சும்மா வைத்ததில்லை. ஹோவாக்கின் மூரியேட்டா தங்க வேட்டைக் காலத்துக் கலிஃபோர்னியாவில் பேசப்பட்ட கொள்ளையன். மெக்சிகோ மக்களில் பலருக்கு அவன் நாயகன். 1853இல் ஹாரி லவ் என்பவரின் தலைமையில் போன படை அவனைக் கொன்றதாகச் சொல்லித் தலையை ஜாடியில் வைத்து ஊர் ஊராகக் காட்டினார்கள். படத்தில் வரும் தளபதி லவ்வும் அந்த ஜாடியும் அங்கிருந்து வந்தவை. படம் காலத்தை முன்னே நகர்த்தியிருக்கிறது, ஆனால் யாருடைய தலை ஜாடிக்குள் போனது என்பதை மறைக்கவில்லை. சுரங்கத்தில் கூண்டுக்குள் இருப்பவர்களை விடுவிக்கும் கடைசிக் காட்சியில் இந்த ஜோரோவின் வாளுக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. 1940 படத்தில் எனக்குக் கிடைக்காதது அது.

எதை முதலில் பார்ப்பது? சின்னவர்களோடு என்றால் 1998. வண்ணம், சிரிப்பு, குதிரை, வெடி எல்லாம் அவர்களைப் பிடித்து வைக்கும். இரண்டே கால் மணி நேரம் ஓடும், நடுவில் கொஞ்சம் தொய்வு உண்டு. 1920 படம் காப்புரிமை முடிந்தது என்பதால் இலவசமாகவே கிடைக்கிறது. பொறுமையில்லாதவர்கள் கடைசித் துரத்தலை மட்டுமாவது பாருங்கள். 1940 படத்துக்கு ஓர் இரவை ஒதுக்குங்கள், ஒன்றரை மணி நேரம்தான். வண்ணம் ஏற்றிய பதிப்பு வேண்டாம், ஆர்தர் மில்லரின் ஒளிப்பதிவில் நிழல்தான் பாதி ஜோரோ.

டைரோன் பவர் 1958இல், 44ஆவது வயதில் இறந்தார். மாட்ரிட்டில் ஒரு படத்துக்காக வாள் சண்டைக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தபோது வந்த மாரடைப்பு. அது தெரிந்த பிறகு 1940 படத்தின் முடிவை என்னால் பழையபடி பார்க்க முடிவதில்லை. எல்லாம் முடிந்து, லோலிதா பக்கத்தில் நிற்க, இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறார்கள். மாட்ரிட்டில் அலுத்துக்கொண்டு சொன்ன அதே கல்யாணம், பிள்ளைகள், திராட்சைத் தோட்டம் என்ற பதிலை இப்போது ஆசையாகச் சொல்கிறான். வாளை மேலே வீசுகிறான், அது கூரையில் குத்தி நிற்கிறது. அக்கா மகன் அந்த இடத்தை மட்டும் மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தான்.