400 ஜிபி என்று காட்டும் டிஸ்க் இமேஜை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

ஒரு சிறிய அலுவலகத்துக்கு, 1 டிபி டிஸ்க் உள்ள ஒரே சர்வரில் கேவிஎம் (ஒரே கணினியில் பல கணினிகளை ஓட்ட உதவும் லினக்ஸ் மென்பொருள்) போட்டு நான்கு விஎம் (மெய்நிகர் கணினி) செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விஎம்மின் டிஸ்க்கும் சர்வரில் ஒரு ஃபைல்தான்; அதுவே டிஸ்க் இமேஜ். ஒவ்வொன்றுக்கும் 400 ஜிபி என்று பில். ஒப்படைக்கும்போது, ஃபைல்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்எச்’ கட்டளையை அடித்துக் காட்டினார்கள். நான்கு வரியிலும் 400ஜி. கூட்டினால் 1600. ஆனால் 1 டிபி என்று விற்கிற டிஸ்க் லினக்ஸில் 931ஜி என்றுதான் தெரியும். வாங்கியவருக்கு இது தெரியாமல் போனதில் குற்றமில்லை. தெரிந்தே மறைத்ததுதான் ஏமாற்று வேலை.

எல்எஸ் காட்டுவது ஃபைலின் நீளம், அது பிடித்திருக்கும் இடம் அல்ல. இந்த இமேஜ்கள் ஸ்பார்ஸ் ஃபைல்கள்: இதுவரை எழுதாத பகுதிக்கு பிளாக் (டிஸ்க்கில் இடம்) ஒதுக்கப்படுவதே இல்லை. படித்தால் வெறும் பூஜ்யம் வரும். அதே ஃபைலுக்கு, பிடித்திருக்கும் இடத்தைக் காட்டும் ‘டியூ -எச்’ அடித்தால் உண்மை வெளியே வந்துவிடும். ‘கெமு-இமேஜ் இன்ஃபோ’ இரண்டையும் சேர்த்தே காட்டும்: விர்ச்சுவல் சைஸ் என்பது விஎம்முக்குச் சொன்னது, டிஸ்க் சைஸ் என்பது உண்மையில் கொடுத்தது.

ஸ்பார்ஸாக வைப்பதே தப்பு என்று சொல்லவில்லை. வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, தினமும் ஹோஸ்டில் (விஎம்களை ஓட்டும் சர்வரில்) இடம் பார்ப்பவர்கள் செய்யலாம். இங்கே யாரும் பார்க்கவில்லை.

சில மாதத்தில் கணக்கு மென்பொருள் ஓடும் விஎம் அப்படியே உறைந்துவிட்டது. அதன் லாகில் ஒரு பிழையும் இல்லை. உள்ளே 400ல் 120 ஜிபிதான் பயன்பாடு. ஹோஸ்டில், விஎம்களை நிர்வகிக்கும் விர்ஷ் கட்டளையால் ‘விர்ஷ் லிஸ்ட்’ அடித்தால் ‘பாஸ்டு’ (நிறுத்திவைக்கப்பட்டது). ‘விர்ஷ் டாம்பிளாக்எரர்’ அடித்தால் ‘நோ ஸ்பேஸ்’ (இடமில்லை). நான்கு இமேஜும் சேர்ந்து 846 ஜிபி. மீதியை ஹோஸ்டின் சொந்த ஃபைல்களும், இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் ரூட்டுக்கென்று (நிர்வாகிக்கென்று) ஒதுக்கி வைக்கும் 5 சதவீதமும் எடுத்துக்கொண்டன.

உள்ளே 120, வெளியே அதே இமேஜ் 231 ஜிபி. எப்படி? ராத்திரி எழுதும் டேட்டாபேஸ் டம்ப்பை (முழு நகலை) ஒரு வாரத்தில் அழிக்கிறார்கள். விஎம் அழித்தாலும் ஹோஸ்டுக்கு அது தெரியாது, பிடித்த பிளாக் பிடித்தபடியே கிடக்கும். அடுத்த டம்ப் பெரும்பாலும் புது இடத்தில் போய் உட்காரும்.

இந்த நிலையில் ‘விர்ஷ் டெஸ்ட்ராய்’ அடிக்காதீர்கள். அது பவர் கேபிளைப் பிடுங்குவதற்குச் சமம். முதலில் ஹோஸ்டில் வேறு ஃபைல்களை நகர்த்தி இடம் உண்டாக்கி, பிறகு ‘விர்ஷ் ரெஸ்யூம்’. விட்ட இடத்திலிருந்து ஓடும். அதன்பின் விஎம்மின் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்ட் (உள்ளே அழித்த இடத்தை ஹோஸ்டுக்குத் தெரிவிக்கும் வசதி) மதிப்பை ‘அன்மேப்’ என்று போட்டு, முழுதாக ஷட்டவுன் செய்து மீண்டும் ஏற்றி, உள்ளே, அழித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ‘எஃப்எஸ்டிரிம் -ஏவி’ ஓட்டுங்கள். வெறும் ரீபூட் போதாது. அதே வேலைக்கு ஹோஸ்டிலிருந்து ‘விர்ட்-ஸ்பார்சிஃபை’ பயன்படுத்துவதாக இருந்தால் விஎம் நின்றிருக்க வேண்டும், ‘இன்-பிளேஸ்’ தேர்வும் வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் தற்காலிக இடமே நிறையக் கேட்கும்.

இதைவிடக் கோபம் வரவைத்தது பேக்கப் பில். இமேஜை வேறு கணினிக்கு நகலெடுக்கப் பயன்படுத்திய எஸ்சிபி, ஓட்டைகளை (எழுதாத பகுதிகளை) அறியாது, அவற்றையும் பூஜ்யமாக எழுதிவிடும். 231 ஜிபி இமேஜ் போய்ச் சேரும்போது 400 ஆகிவிட்டது. அந்த 1600 ஜிபிக்கும் மாதாமாதம் பணம் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பதில் ‘ஆர்சிங்க் -எஸ்’ என்று பெரிய எழுத்து எஸ் போட்டிருந்தால் ஓட்டை ஓட்டையாகவே போயிருக்கும். தவிர, ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் இமேஜை நேராக நகலெடுப்பது பேக்கப்பே அல்ல.

பணம் கொடுக்கும் முன் ஹோஸ்டில் ‘டிஎஃப் -எச்’ (டிஸ்க்கில் மீதமுள்ள இடத்தைக் காட்டுவது), ‘டியூ -எச்’ இரண்டையும் உங்கள் கண் முன்னால் அடிக்கச் சொல்லுங்கள். முழு இடமும் உங்களுக்கே வேண்டுமென்றால் ‘ப்ரீஅலொகேஷன்=ஃபால்லாக்’ (முழு இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்குவது) என்று எழுத்தில் வாங்குங்கள்; இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் முதல் நாளே டியூ 400ஜி காட்டும். அந்த இமேஜுக்கு மட்டும் டிஸ்கார்ட் போடவிடாதீர்கள், எஃப்எஸ்டிரிம் ஓடியதும் ஒதுக்கிய இடம் ஹோஸ்டுக்கே திரும்பிப் போய்விடும்.