நாகர்கோவில் தரையில் டாமியா டிடி-02: சில வருட அனுபவம்

டாமியா நிறுவனத்தின் டிடி-02 ரிமோட் கார் பற்றி இணையத்தில் நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பெட்டியைத் திறந்து, பாகங்களைப் பூட்டி, ஒரு தடவை ஓட்டிக் காட்டுவதோடு முடிந்துவிடும். நான் இந்த வண்டியைச் சில வருடங்களாக நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் கிடைக்கிற தளங்களில் எல்லாம் ஓட்டி வருகிறேன். நம் மாவட்டத்தின் தூசிக்கும் உப்புக் காற்றுக்கும் இரண்டு பருவமழைக்கும் இது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் சமதளத்தில் ஓடும் ஆன்-ரோடு ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும்) கார் ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர் போடும் செட்டப்பை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வண்டி தரையைப் பிடித்து நிற்காது. அவர்கள் ஓட்டுவது கார்ப்பெட்டிலும், கூட்டிச் சுத்தப்படுத்திய தார்த் தளத்திலும். நமக்கு வாய்ப்பது பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளம், கோயில் வளாகத்து சிமெண்ட் தரை, கல்யாண மண்டபத்தின் பார்க்கிங். இங்கே மெதுவான, மிருதுவான வண்டிதான் முன்னால் போகும்.

வண்டியைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது 2013-இல் வந்த சேசிஸ் (வண்டியின் சட்டகம்). 1/10 அளவு, வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம்) 257 மி.மீ. மோட்டாரின் சக்தி நடுவில் ஓடும் ஷாஃப்ட் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. அடிப்பாகம் தொட்டி மாதிரி ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் முன்னும் பின்னும் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது, மோட்டாரின் பல்சக்கரத்தோடு சேரும் பெரிய ஸ்பர் கியருக்கும் மூடி உண்டு. கிட்டோடு (பூட்டாத பாகங்களாக வரும் பெட்டியோடு) வருவது 540 அளவு பிரஷ் மோட்டார். டாமியா 1976-இல் போர்ஷே 934 காரை 1/12 அளவில் ஆர்.சி.யாகக் கொண்டுவந்ததில் தொடங்கிய பாரம்பரியம் இது. பூட்டுகிறவர் புதியவர் என்று நினைத்துப் படம் போட்டு விளக்கும் அந்தக் கையேடு ஒன்றே பாதி விலைக்குச் சமம்.

பூட்டும்போது இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது திருகாணி. இந்தக் கிட்டின் திருகாணிகள் ஜப்பானிய அளவுத் தலை கொண்டவை. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையை அரித்துவிடும். ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) என்று கேட்டு ஒரு டிரைவர் வாங்கிவிடுங்கள். இரண்டாவது, பிளாஸ்டிக்கில் மரை வெட்டிக்கொண்டு இறங்கும் திருகாணியை ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். 'டிக்' என்று பழைய மரையில் விழும். அப்புறம் வலப்பக்கம் முறுக்குங்கள். இப்படிச் செய்தால் மரை வருடக் கணக்கில் பிடித்து நிற்கும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டி ஓட்டை தளர்ந்துபோகும். மரைப் பசை இரும்போடு இரும்பு சேரும் இடத்துக்கு மட்டும்தான். பிளாஸ்டிக்கில் பட்டால் அது வெடிப்பு விட வைக்கும்.

அடுத்தது பேரிங். கிட்டில் சக்கரங்களுக்கு பிளாஸ்டிக் புஷ் (அச்சைத் தாங்கும் வெறும் வளையம்) கொடுக்கிறார்கள். வேறு எந்த மாற்றமும் செய்யாவிட்டாலும் சரி, முதல் செலவு பால் பேரிங்குக்கு இருக்கட்டும். தூசி புகுந்த புஷ் அச்சையே தின்றுவிடும். அப்புறம் சக்கரம் ஆட ஆரம்பிக்கும், எந்த டியூனிங்கும் கணக்குக்கு வராது.

பேரிங்கில் இரும்பு மூடி போட்டது, ரப்பர் மூடி போட்டது என்று இரண்டு உண்டு. இரும்பு மூடி கொஞ்சம் லேசாகச் சுழலும் என்பார்கள், உண்மைதான். ஆனாலும் இங்கே ரப்பர் மூடிதான் என் தேர்வு. மணவாளக்குறிச்சி, முட்டம், குளச்சல் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். அந்தக் கரையில் கருமணல் கிடக்கிறது. மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இல்மனைட் பிரித்தெடுப்பது அந்த மணலிலிருந்துதான். ஒரு காந்தத்தை அதன்மேல் காட்டிப் பாருங்கள், கருந்துகள்கள் தாடியாக ஒட்டிக்கொள்ளும். ஆர்.சி. மோட்டாரும் காந்தம்தானே. காற்றுத் துளை வழியாக உள்ளே போன துகள் வெளியே வராது, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் பிரஷ்ஷையும் கம்யூட்டேட்டரையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். கடலோரம் போகிற நாட்களில் மோட்டாரின் துளைகள்மேல் பழைய நைலான் காலுறைத் துணியை ஒரு சுற்றுக் கட்டிவிடுகிறேன். சூடு சற்றுக் கூடும், அதனால் அன்றைக்குச் சின்னப் பினியன்தான் (மோட்டார் அச்சில் மாட்டும் பல்சக்கரம்).

வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணி வைத்துத் துடைப்பதற்கு முன்னால் காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிடுங்கள். கடைசியாக பேரிங் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். இந்த ஒரு பழக்கம்தான் என் பேரிங்குகளைத் துருவிலிருந்து காத்து வருகிறது. கடலிலிருந்து தள்ளி இருக்கும் மார்த்தாண்டம், குலசேகரம் நண்பர்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. அவர்களுக்கு மழை ஈரம்தான் தொல்லை.

டயருக்கு வருவோம், ஏனென்றால் வண்டியின் குணத்தில் பெரும்பங்கு அதுதான். பினியனை மாற்று, ஸ்பிரிங்கை மாற்று என்று ஆயிரம் சொல்வார்கள். தரையைத் தொடுவது நான்கு ரப்பர் துண்டுகள் மட்டுமே. நல்ல மிருதுவான ரேஸ் டயர் தூசித் தரையில் இரண்டு சுற்றுக்குப் பிடிக்கும், அப்புறம் மாவில் உருட்டிய உருண்டை போலத் தூசியைச் சேர்த்துக்கொண்டு வழுக்கும். மிகவும் கெட்டியான டயரோ சூடே ஏறாமல் ஆரம்பத்திலிருந்தே சறுக்கும். நடுத்தரக் கெட்டித்தன்மையும் கோடு வெட்டிய மேற்பரப்பும் கொண்ட டயர்தான் நம் சிமெண்ட் தரைக்கு ஒத்துவருகிறது. ஓட்டும் முன் தளத்தை வாரியல் போட்டுக் கூட்டிவிட்டு, ஒவ்வொரு பேட்டரிக்கும் இடையில் டயரை ஈரத்துணியால் துடைத்தால் வித்தியாசம் உடனே கையில் தெரியும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது முதல் வேலையே கூட்டுவதுதான். தம்பிமார் சிலர் வளைவுகளில் மட்டும் கூட்டிவிட்டு நிறுத்தப் பார்ப்பார்கள். நேர்ப்பாதைத் தூசியைத்தான் டயர் வளைவுக்குச் சுமந்து வருகிறது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

நமக்கு ரப்பர் புதிதல்ல. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் என் பழைய டயரைக் கொடுத்தேன். விரலால் அழுத்தி, மடக்கிப் பார்த்துவிட்டு, "இது வெயில்ல கெடந்து முறுகிப்போச்சு மக்கா, இனி இதுல பிடி இருக்காது" என்றார். கோடு அழியவில்லை, பார்வைக்குப் புதிது போலத்தான் இருந்தது. வெயிலும் காற்றும் பட்டுக் கிடக்கும் ரப்பர் மேலே கெட்டியாகிவிடும். அதனால் டயரைச் சக்கரத்தோடு கழற்றி ஜிப் கவரில் போட்டு, அலமாரியின் இருட்டில் வைக்கிறேன். சக்கரத்தில் டயரை ஒட்டுவதற்குத் தெருமுனைக் கடையில் விற்கும் சூப்பர் க்ளூ போதும். ஒட்டாமல் ஓட்டினால் வளைவில் டயர் ரிம்மைவிட்டு விலகும், வண்டி கோணலாக இழுக்கும்.

அடுத்தது டேம்பர், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் பாகம். அடிப்படைக் கிட்டில் வருவது எண்ணெய் இல்லாத உராய்வு டேம்பர். பார்க்க டேம்பர், வேலையில் வெறும் ஸ்பிரிங். சிமெண்ட் தளத்தின் இணைப்புக் கோடுகளைத் தாண்டும்போது வண்டி தத்தித் தத்திப் போகும். டாமியாவின் சி.வி.ஏ. எண்ணெய் டேம்பர் போட்ட அன்று இந்த வண்டி வேறு வண்டியாகிவிட்டது. சிலிகான் எண்ணெயின் கெட்டித்தன்மை எண் 350-லிருந்து 400 வரை எனக்குப் போதுமானதாக இருக்கிறது. நிரப்பும்போது அவசரம் கூடாது. எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, குமிழி எல்லாம் மேலே வரும்வரை டேம்பரை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வாருங்கள். நான்கு டேம்பரும் கையால் அழுத்தினால் ஒரே மாதிரித் திரும்ப வேண்டும். வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் போட்டால் துள்ளாமல் அமர வேண்டும். சோதனை இவ்வளவுதான், கருவி ஒன்றும் வேண்டாம்.

பந்தயத் தளத்தில் 5 மி.மீ. உயரத்தில் சேசிஸை வைப்பார்கள். இங்கே அப்படி வைத்தால் ஒவ்வொரு கோட்டிலும் அடி உரசும். 7, 8 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். உயரம் கூடினால் வளைவில் சாய்வும் கூடும். அதற்கு ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கத் தோன்றும், நான் அதைச் செய்வதில்லை. பிடி குறைந்த தரையில் வண்டி கொஞ்சம் சாய்ந்தால்தான் வெளிப்பக்கச் சக்கரத்தில் பாரம் ஏறிப் பிடி வரும். பின்பக்கத்துக்கு முன்பக்கத்தைவிட ஒருபடி மெல்லிய ஸ்பிரிங் போட்டால் பின்புறம் வீசுவது நன்றாகக் குறையும். பின் சக்கரத்துக்கு உள்நோக்கிய டோ (சக்கரத்தின் முன்முனை உள்ளே திரும்பிய கோணம்) தரும் அலுமினிய அப்ரைட் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) தனியாக விற்கிறார்கள், 2.5 டிகிரி. ஆக்சிலரேட்டரைத் திறந்ததும் வண்டி சுழன்று திரும்பி நிற்கிறது என்று புலம்புகிறவர்களுக்கு நான் காட்டும் மருந்து அதுதான்.

மலிவான பிளாஸ்டிக் ஸ்டீயரிங் எதிலும் காலப்போக்கில் ஆட்டம் வரும். முழு அலுமினியத் தொகுப்பு வாங்கினால் தீரும், விலை கடிக்கும். ஆட்டம் இருக்கும் மூட்டுகளில் மெல்லிய ஷிம் (இடைவெளியை நிரப்பும் வளையம்) போட்டே பெரும்பகுதியைக் குறைக்கலாம். வடசேரிப் பக்கம் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் பித்தளையில் கேட்டேன். "இத்தன சின்னதா? எதுக்கு மக்கா?" என்று கேட்டவர், வண்டியை ஓடவிட்டுக் காட்டியதும் தன் பையனையும் கூப்பிட்டு நின்று பார்த்தார். பித்தளைக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

டிஃபரென்ஷியலில் நான் செய்தது ஒன்றே ஒன்று: முன்பக்கப் பெட்டியில் கெட்டியான கிரீஸ், பின்பக்கத்தில் லேசான கிரீஸ். முன் டிஃப் தளர்வாக இருந்தால் வளைவில் பாரம் குறைந்த உள்பக்கச் சக்கரம் சும்மா சுழன்று சக்தியை வீணாக்கும். கெட்டியாக இருந்தால் வளைவை விட்டு வெளியே வரும்போது முன்பக்கம் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். பின்பக்கம் லேசாக இருந்தால் இரண்டு சக்கரமும் தன்போக்கில் உருண்டு பிடியைக் காக்கும்.

மோட்டாரைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், எனக்குச் சொல்ல இருப்பதோ குறைவு. கிட்டின் கியர் கணக்கு 70 பல் ஸ்பர், 22 பல் பினியன், உள் கியர் விகிதம் 2.6, மொத்தம் 8.27; அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற மோட்டார் 8.27 சுற்று சுற்றும். பினியனை 19 ஆக்கினால் 9.58. கூடைப்பந்துத் தளம் அளவுக்குச் சின்ன இடத்தில் இந்த இரண்டாவது கணக்குதான் வேகமான சுற்று தருகிறது, ஏனென்றால் வண்டி முழு வேகத்தை எட்டுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் போடுவதானால் 21.5 டர்ன் (கம்பிச் சுற்று) போதும். ஓட்டி நிறுத்தியதும் மோட்டாரில் விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் பினியனில் ஒரு பல்லைக் குறையுங்கள்.

லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழுச் சார்ஜில் வாரக் கணக்கில் வைக்காதீர்கள். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் சேமிப்பு நிலையில் வையுங்கள். மழைக்காலத்தில் மாதக் கணக்கில் ஓட்ட முடியாமல் போகும் நம் ஊரில் இது மிக அவசியம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே நமக்கு உண்டு, பேட்டரிக்கு ஓய்வும் இரண்டு தடவை.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓட்டப் போகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கணவாய் வழியாக அடிக்கும் அந்தக் காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன. பாலிகார்பனேட் பாடி எடையே இல்லாதது, பக்கவாட்டுக் காற்று அதை அப்படியே தூக்கப் பார்க்கும். பாடியைத் தாழ்த்தி மாட்டுங்கள், பின்புறத்தில் காற்று அடைபடாமல் இருக்க பம்பரின் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுங்கள். பாடிக்கு உள்பக்கமாகத்தான் வண்ணம் அடிக்க வேண்டும், அதுவும் பாலிகார்பனேட்டுக்கு உரிய ஸ்பிரேயால். சாதாரண ஸ்பிரே ஒரு மோதலில் செதில் செதிலாக உதிரும். ஈரப்பதம் ஏறிய நாளில் அடித்தால் நிறம் மங்கும், பங்குனி வெயில்தான் நல்லது.

உதிரி பாகம் நாகர்கோவிலில் நேரில் கிடைக்காது. பெங்களூரு, சென்னைக் கடைகளிலிருந்து கூரியரில் வரவழைக்கிறோம். அதனால் நண்பர்கள் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுகிறோம். எல்லோரும் ஒரே சேசிஸ் வைத்திருப்பதன் அருமை அப்போது தெரியும். ஒருவருடைய சஸ்பென்ஷன் ஆர்ம் ஒடிந்தால் அடுத்தவர் பெட்டியில் ஒன்று இருக்கும், அன்றைய ஓட்டம் நிற்காது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் மூன்று இடம் பாருங்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் அச்சு தேய்ந்திருக்கிறதா என்று தெரியும். ஸ்பர் மூடியைக் கழற்றிப் பல்லைப் பாருங்கள். கடைசியாக, சேசிஸின் அடியில் திருகாணி ஓட்டைகளில் ஒரு டிரைவரை வைத்து லேசாக முறுக்கிப் பாருங்கள். சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது, சேசிஸுக்கான விலையைக் குறைத்துக் கேளுங்கள்.